அரிதாரத்துக்கு அடியில் யார்? கபுகி நடிகர் படங்களும் நம் வேஷக்காரர்களும்

பெரியப்பா இறந்த அன்று மதியம் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சொத்துச் சண்டை இல்லை, படச் சண்டை. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒத்துவரவில்லை. பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் துரியோதனன் வேஷம் கட்டியவர். தளவானூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் பேரைச் சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியாது, 'தளவானூர் துரியோதனன்' என்றால் வீட்டையே காட்டிவிடுவார்கள். சின்னவன் தன் செல்போனில் இருந்த வேஷப் படத்தைப் போட வேண்டும் என்றான். பெரியவன் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "துரியோதனன் படத்தப் போட்டு கண்ணீர் அஞ்சலின்னு எழுதுனா, செத்தது துரியோதனனா, நம்ம அப்பாவாடா?"

செஞ்சியில் பேனர் அடிக்கிற பையனிடம் இரண்டு படத்தையும் அனுப்பினோம். வேஷப் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஆளே தெரியலியே" என்றான். அதோடு தீர்ந்தது. ஏதோ ஒரு அடையாள அட்டைக்காக எடுத்த படம், காது இரண்டும் தெரிய, மிரண்டுபோய் கேமராவைப் பார்க்கிற முகம், எட்டடிக்கு நாலடியாகப் பெரிதாக்கப்பட்டுத் தெருமுனையில் நின்றது. அந்த முகத்தை ஊர் ராத்திரியில் பார்த்ததே கிடையாது. ராத்திரியில் பார்த்த முகமோ பேனரில் இல்லை.

இந்தச் சண்டையைச் சொந்த விஷயமாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, இதே சண்டைக்கு அங்கே நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 'ஷினி-எ' என்பார்கள், சாவுப் படம் என்று மொழிபெயர்க்கலாம். கபுகி நடிகன் ஒருவன் செத்துப்போனால் பதிப்பாளர்கள் உடனே அவன் படத்தை அடித்துத் தெருவில் விற்பார்கள். பெரும்பாலும் வெளிர்நீலச் சடங்கு உடையில் நடிகன் இருப்பான். பக்கத்தில் இறந்த தேதி, வயது, செத்தபின் சூட்டப்படும் பௌத்தப் பெயர், அடக்கம் செய்த கோயில். நம்மூர் சுவரொட்டியின் 'தோற்றம், மறைவு' என்பதேதான். 1854ல் எட்டாவது இச்சிகாவா தன்ஜூரோ ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது நூற்றுக்கும் மேலான வகைகளில் இப்படிப் படங்கள் வெளிவந்தன. அதில் ஒரு வகை, புத்தரின் மகாபரிநிர்வாணக் காட்சியைப் போலவே நடிகன் படுத்திருக்க, சீடர்களுக்குப் பதிலாகப் பெண்கள் கூட்டமாகச் சுற்றி உட்கார்ந்து அழுவது. கிண்டலா பக்தியா என்று பிரித்துச் சொல்லமுடியாத இடம் அது. ஒப்பாரியும் அப்படித்தானே.

இந்தச் சாவுப் படங்கள் ஒரு பெரிய மரபின் ஓரம்தான். அந்த மரபுக்கு 'யகுஷா-எ' என்று பெயர், நடிகர் படங்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நாடகம் மாற மாறப் புதுப்படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஓவியன் ஒருவன் வரைய, இன்னொருவன் செதுக்க, மூன்றாமவன் அச்சிட, பணம் போட்ட பதிப்பாளர் விற்பார். கையில் சில்லறை இருக்கிற எவனும் வாங்கக்கூடிய விலைதான். ஆகவே இதை 'கலைப்படைப்பு' என்று இன்றைய அருங்காட்சியகப் பார்வையில் மட்டும் பார்ப்பது தவறு. நம் பெட்டிக்கடை காலண்டருக்கும் பாட்டுப்புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் பேச வேண்டும்.

தொடக்கத்தில் தோரீ மரபு ஓவியர்கள் வரைந்த படங்களில் எல்லா நடிகனுக்கும் ஒரே மாதிரி முகம்தான். சுரைக்காய்க் கால், மண்புழுக் கோடு என்று அந்தப் பாணிக்கே பெயர். உடையில் இருக்கும் குடும்பச் சின்னத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 1760களில் கட்சுகாவா ஷுன்ஷோவும் அவர் காலத்தவர்களும் நடிகனின் சொந்த முகச்சாயலை வரையத் தொடங்கினார்கள். இது வெறும் பாணி மாற்றம் அல்ல என்பது என் துணிபு. அதுவரை வேஷம் மட்டும் இருந்த காகிதத்தில் வேஷக்காரன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அதன்பின் ஒவ்வொரு படமும் இரண்டு முகம் உள்ள பிரதி.

இதன் உச்சம் ஷாராக்கு. 1794 மே மாதம் திடீரென்று வந்தார். பத்து மாசம் வேலை செய்தார். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். பிறகு காணாமல் போய்விட்டார். யார் என்பதில் இன்றுவரை சர்ச்சை, அந்தத் துப்பறியும் கதையில் எனக்கு அக்கறை இல்லை. அவர் என்ன பார்த்தார் என்பதுதான் விஷயம். ஒத்தானி ஓனிஜி என்ற நடிகன் எடோபெய் என்கிற அடியாள் வேஷத்தில் நிற்கும் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. உடுப்புக்குள்ளிருந்து இரண்டு கையும் விரல் விரிய வெளியே வருகிறது. உடம்புக்குப் பொருந்தாத சின்னக் கைகள். ஆனால் அடிக்கப்போகிறவனின் அவசரம் முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது. கபுகியில் 'மிஎ' என்று ஒன்று உண்டு. உச்சக் கட்டத்தில் நடிகன் அப்படியே உறைந்து, கண்ணை முறுக்கி நிற்பான், மரக்கட்டை 'டக் டக்' என்று தட்டும். அச்சுப்படம் என்பது அந்த உறைநிலையைக் காகிதத்துக்குக் கடத்துவது. நம் கூத்தில் திரைக்குப் பின்னால் பாதி முகம் காட்டி விருத்தம் பாடி, திரை விலகியதும் வேஷக்காரன் நிற்கிறானே, அந்த நிலைக்கு ஏறத்தாழ இதைச் சமம் வைக்கலாம்.

ஷாராக்குவின் இன்னொரு படத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். செகாவா தோமிசாபுரோ பெண் வேஷக்காரர். 1629ல் பெண்கள் கபுகி மேடையேறுவது தடை செய்யப்பட்டபின் பெண் வேஷம் கட்டுவதே தனிக்கலையாகி வளர்ந்த மரபில் வந்தவர். படத்தில் மாதின் உடுப்பு, மாதின் கொண்டை, ஆனால் தாடை ஆணுடையது, வயசும் தெரிகிறது. ரோலான் பார்த் 1970ல் எழுதிய 'குறிகளின் பேரரசு' நூலில் கீழைத்தேயப் பெண் வேஷக்காரன் பெண்ணை நகல் செய்வதில்லை, குறிக்கிறான் என்பார். அழகான வாசகம்தான். நம் சிறுபத்திரிகைகளில் இதை எடுத்தாளாதவர்கள் குறைவு. ஆனால் பார்த் பார்த்த குறியில் உடம்பு இல்லை. ஷாராக்கு பார்த்த குறியில் தாடை எலும்பு இருக்கிறது. அந்த எலும்பைத் தாண்டித்தான் அவன் பெண்ணாகிறான், அந்தப் பாடுதான் நடிப்பு. ஷாராக்குவைப் பற்றி அந்தக் காலத்திலேயே ஒருவர் குறித்து வைத்திருக்கிறார்: உண்மையை அளவுக்கு மீறி வரையப்போய் ஓரிரு வருஷத்தில் நின்றுபோனார் என்கிற அர்த்தத்தில். நடிகனை விரும்புகிறவர்களுக்கு அவன் தாடை தேவையில்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒன்று: ஷாராக்கு பெரிய நட்சத்திரங்களை மட்டும் வரையவில்லை. இரண்டாம் மூன்றாம் தர வேஷக்காரர்களும் அதே அளவு காகிதத்தில், அதே பளபளக்கும் அப்பிரகப் பின்னணியில், தலை நிறைய இருக்கிறார்கள்.

இப்போது ஒரு தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1842ல் டோக்குகாவா அரசு நடிகர், கணிகையர் படங்களை அடியோடு தடை செய்தது. சிக்கனம், ஒழுக்கம், எல்லா அரசும் சொல்கிற காரணங்கள்தான். சில வருஷங்களில் பதிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயரை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் அச்சிட்டார்கள். குனியோஷி இன்னும் ஒரு படி போனார். 1840களின் பிற்பகுதியில் 'கிடங்குச் சுவர்க் கிறுக்கல்' என்று ஒரு வரிசை. சுவரில் எவனோ ஆணியால் கீறியது போன்ற கோணல் முகங்கள், ஆனால் பார்க்கிறவனுக்கு ஒவ்வொன்றும் எந்த நடிகன் என்று தெரிந்துவிடும். பெயரை அரசு எடுத்துக்கொண்டாலும் முகத்தை எடுக்கமுடியவில்லை. ஏனென்றால் முகம் ஏற்கெனவே கூட்டத்தின் மனதில் அச்சாகியிருந்தது.

எங்கள் ஊரிலும் சுவர்க்கிறுக்கல் உண்டு. அம்மன் கோயில் மதிலில் அடுப்புக்கரியால் நாங்கள் துரியோதனன் வரைவோம். இப்போது யோசித்தால், நாங்கள் வரைந்ததெல்லாம் கிரீடம், இரண்டு பக்கம் புஜக்கட்டை, மீசை. முகம் வரைந்ததாக ஞாபகமே இல்லை. நம்மை யாரும் தடை செய்யவில்லை. தடை இல்லாமலே முகம் இல்லாமல் போயிருக்கிறது.

அச்சிலும் அதே கதைதான். 'பெரிய எழுத்து' புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். சென்னை இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்றவர்கள் போட்ட கூத்து, அம்மானைப் புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அட்டையிலும் உள்ளேயும் கட்டைப் படங்கள் உண்டு, அர்ச்சுனன், கர்ணன், தேசிங்கு ராஜன். பதிப்பாளரின் பெயர் இருக்கும், நடிகன் என்று ஒருவன் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. தோரீ மரபின் ஒரே முகம்தான், ஷுன்ஷோ வந்து சேராத தோரீ. (தேசிங்கு செஞ்சியில் செத்த 1714ஆம் வருஷம்தான், எடோவில் அரண்மனைப் பெண்மணி ஒருத்தி நடிகன் ஒருவனோடு பழகினாள் என்று ஒரு நாடகசாலையையே மூடி, அந்த நடிகனைத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, வருஷம் ஒன்று என்பதால் எனக்கு மறப்பதில்லை.)

அப்படியானால் தமிழில் நடிகனும் வேஷமும் சந்திக்கவே இல்லையா? சந்தித்தார்கள், பெயரில். இது நம் தனித்தன்மை என்றே சொல்லலாம். ஔவையார் வேஷம் கட்டி டி.கே. சண்முகம் 'ஔவை சண்முகம்' ஆனார். நவாப் வேஷம் கட்டிய ராஜமாணிக்கம் 'நவாப் ராஜமாணிக்கம்'. 1946ல் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்த வி.சி. கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பட்டம் எல்லோரும் அறிந்தது. உண்மையான சிவாஜி 1677ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர். இன்று செஞ்சியில் ஒருவரை நிறுத்தி 'சிவாஜி' என்று மட்டும் சொன்னால் எந்தச் சிவாஜி நினைவுக்கு வருவார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கபுகியில் நேர்மாறு. அங்கே நடிகனின் பெயர்தான் பரம்பரை. தன்ஜூரோ என்ற பெயர் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கைமாறி 2022ல் பதின்மூன்றாவது ஆளுக்கு வந்திருக்கிறது. அங்கே பெயர் நிற்க, ஆள் மாறுகிறான். இங்கே வேஷம் ஆளின் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஆளே வேஷத்தை விழுங்கிவிடுகிறான். 1959ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தது. 1799ல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரருக்குக் கயத்தாறில் 1970ல் சிலை வைத்தவரும் சிவாஜி கணேசன்தான். இன்றைக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மனாக வரும் பிள்ளைக்கு யாருடைய மீசை வரையப்படுகிறது? யாருடைய குரலில் வசனம் பேசுகிறது?

ஆக நம்மிடம் இரண்டு வகைப் பிம்பம்தான் இருக்கிறது. ஆள் இல்லாத வேஷம் பெரிய எழுத்து அட்டையில். வேஷத்தை விழுங்கிய ஆள் சினிமா போஸ்டரில். இரண்டுக்கும் நடுவில், இருவரும் ஒரே சமயத்தில் தெரிகிற அந்தக் கபுகிப் படத்தின் இடத்தில், ஒன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் கூத்துக்காரன் ராத்திரி முழுக்க நின்றுகொண்டிருந்தான்.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. கூத்து சடங்கு, வேஷக்காரன் வெறும் வாகனம், அவன்மேல் சாமி வருகிறது, ஆகவே அவன் தனிமுகத்துக்கு அங்கே இடமில்லை என்பது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் உபதலைப்பே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்று அமைந்தது. பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வழியில் வந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு நகரத்து நண்பர்கள் பேசும்போது, கூத்து பார்க்க வருகிற ஜனம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்திருப்பதாக ஒரு சித்திரம் எழுகிறது. நான் பார்த்த ஜனம் அப்படி இல்லை. "போன வருஷம் வந்த கர்ணன் இவனவிட தேவலாம்", "இவுரு கிறுக்கி அடிக்கிறதுல பழைய வேகம் இல்லப்பா" என்று விடிய விடிய விமர்சனம் செய்கிற ஜனம். சாமி வந்து ஆடியவனையே மறுநாள் டீக்கடையில் வைத்து, நேற்று ரெண்டாவது விருத்தத்தில் சுதி விட்டாய் என்று கேட்பார்கள். வேஷத்தையும் ஆளையும் ஒரே சமயத்தில் பார்க்கிற கண் இங்கேயும் இருந்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு காகிதம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காகிதம் கிடைக்காததற்குக் காரணம் ஆன்மீகம் அல்ல, சந்தை. எடோவில் நாடகசாலை உண்டு, டிக்கெட் உண்டு, பருவம் உண்டு. நாடகம் ஓடும் வரைக்கும் படம் விற்கும் என்று கணக்குப் போடுகிற பதிப்பாளர் உண்டு. கூத்துக்கு டிக்கெட் இல்லை. ஊர் வரி போட்டு, தாம்பூலம் வைத்து ஜமாவை அழைக்கிறது. இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர். படம் அடித்து எங்கே, யாரிடம் விற்பது?

சாதியைச் சொல்லாமல் இதை முடித்துவிட முடியாது. ஆனால் சாதிதான் முழுக் காரணம் என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் கபுகி நடிகனும் இழிந்தவனாகவே வைக்கப்பட்டவன். 'ஆற்றங்கரைப் பிச்சைக்காரன்' என்பது அவனுக்குச் சமூகம் கொடுத்த பெயர், நம் 'கூத்தாடி' என்கிற வசைக்கு அண்ணன் முறை. 1840களின் தொடக்கத்தில் நாடகசாலைகளை நகர மையத்திலிருந்து பிடுங்கி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இருந்தும் அவன் முகம் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது. இழிவும் மோகமும் சேர்ந்து ஒரு காகிதத்தில் இருந்தன. இங்கே மோகம் ராத்திரியோடு சரி, பகலில் இழிவு மட்டும் மிச்சம். கூத்துக்காரன் அரிதாரத்தைக் கழுவிவிட்டு ஏர் பிடிக்கவோ துணி வெளுக்கவோ கூலிக்கோ போய்விடுகிறான்.

கடைசியில் காகிதம் வந்துசேர்ந்தது, வேறு வழியாக. எண்பதுகளிலிருந்து நகரத்தில் நாட்டார் கலை மேல் ஓர் ஆர்வம் பிறந்தது. நல்ல கேமராக்கள் வந்தன. சில வருஷங்களுக்கு முன் ஒரு நகரக் கண்காட்சியில் நான் பார்த்த பெரிய படத்தில், வியர்வையில் அரிதாரம் பிளந்து கண்ணோரம் கோடு கோடாக வழிகிற ஒரு துரியோதனன் முகம். உண்மையில் நல்ல படம், ஷாராக்குவுக்குப் பிடித்திருக்கும். கீழே எழுதியிருந்தது: 'தெருக்கூத்துக் கலைஞர், வட தமிழகம்'. எடுத்தவர் பெயர் தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில். என்ன வேஷம் என்று இல்லை, யார் என்று இல்லை. 1842ல் அரசு ஆணை போட்டுச் செய்ததை இங்கே அன்போடு செய்கிறார்கள். அங்கே பெயர் போனாலும் முகம் பேசியது, ஏனென்றால் பார்க்கிறவனுக்கு அந்த முகம் தெரியும். இந்தக் கண்காட்சியைப் பார்க்க வருகிறவருக்கு அந்த முகம் தெரியாது. ஆகவே முகமும் பேசாது. ஒரு மனிதன் 'வகை' ஆகிவிடுகிறான்.

எங்கள் ஊர் மலையில் ஒரு குடைவரை இருக்கிறது. தொல்லியல் துறைப் பலகையில் சத்ருமல்லேஸ்வரம், ஊர் வாயில் பஞ்சபாண்டவர் மலை. செய்தவன் முதலாம் மகேந்திரவர்மன். 'மத்தவிலாசம்' என்று நாடகம் எழுதியவன், தன்னைச் 'சித்திரகாரப்புலி' என்றும் சொல்லிக்கொண்டவன். வாசலில் நிற்கும் இரண்டு காவலர்களின் நிலையைப் பார்த்தால், இடுப்பை ஒடித்து நிற்கிற விதத்தில், எந்த நேரமும் விருத்தம் பாடத் தொடங்கிவிடுவார்கள் போலத்தான் இருக்கும். அரசன் பட்டம் கல்லில் இருக்கிறது. அந்தக் காவலருக்கு நின்று காட்டியவன் எவனாவது இருந்தானா? செதுக்கினவன் யார்? ஏழாம் நூற்றாண்டைப் பார்த்து இப்படிக் கேட்பது அபத்தம்தான். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றே ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் தன் துரியோதனனுக்கு ஒரு பிம்பம் செய்யாமல் இல்லை. பதினெட்டாம் போர் அன்று படுகளத்தில் மண்ணால் துரியோதனன் செய்வார்கள். மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்ட உடம்பு, பெரிய கண், தொடையில் ரத்தத்துக்காகப் புதைத்த கலயம். பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடி, ஏறிக் குதித்துச் சண்டை போடுவார்கள். பெரியப்பா தன் வேஷத்தின் நெஞ்சின்மேலேயே ஏறி நின்று கதையைச் சுழற்றியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கீழே வேஷம், மேலே ஆள். ஷாராக்கு ஒரு காகிதத்தில் வைத்ததை எங்கள் ஊர் வெயிலில் விரித்து வைத்திருந்தது. தொடை உடைந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, ஒப்பாரி ஓய்ந்ததும் அந்த மண் அன்றைக்கே காலடியில் கலைந்துவிடும். அதற்குப் பிரதி கிடையாது, வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்ட முடியாது. அதனால் அது குறைவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அன்று மதியம் பேனருக்குப் படம் தேடியபோது அந்த மண் உதவவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராத்திரி 'கர்ண மோட்சம்' வைத்தோம், எங்கள் பக்கத்து வழக்கம். பந்தலுக்கு வெளியே அந்தப் பேனர் இன்னும் இருந்தது. அதே மிரண்ட முகம். சின்னவன் யாரிடமும் சொல்லாமல் செஞ்சிக்குப் போய் வேஷப் படத்தைச் சின்னதாகக் காகிதத்தில் அடித்து வந்திருந்தான். மேலே வேஷத்தின் பெயர், கீழே அப்பா பெயர், ஊர். பேனர் பையன் துரியோதனனுக்கு மூன்று சுழி ண போட்டுவிட்டான். திருப்பி அடிக்க நேரமில்லை. அப்படியே அரிதாரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பசை தடவி ஒட்டினான். கர்ணன் கட்ட வந்த வெளியூர்க்காரர் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எங்கே சாய்ப்பது என்று பார்த்து, படத்துக்குக் கீழே சாய்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "புருவத்த இவுரு இப்பிடி ஏத்தித்தான் போடுவாரு" என்று சொல்லிக்கொண்டே தன் புருவத்தை வரையத் தொடங்கினார்.